கேள்வி பதில்: ஃபிராங்க்ளின் குழுவுக்கு என்ன ஆனது?

கேள்வி: கனடாவுக்கு வடக்கே ஆர்க்டிக் பனிக்கடல் வழியாக ஆசியாவுக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி 1845இல் இங்கிலாந்திலிருந்து போன ஜான் ஃபிராங்க்ளின் குழுவில் 129 பேரும் இறந்துவிட்டார்களாமே, அவ்வளவு வசதியான கப்பல்கள் இருந்துமா?

பதில்: வசதிக்கு ஒரு குறைச்சலும் இல்லை. எரெபஸ், டெரர் இரண்டுமே அதற்கு முன்பே அண்டார்டிக் பனிக்குள் போய் வந்த கப்பல்கள். அவற்றில் நீராவி எஞ்சினைப் பொருத்தி, முன்பக்கம் இரும்புத் தகடு அடித்து, மூன்று வருடத்துக்கு உணவு ஏற்றி, அது போதாதென்று ஒரு நூலகத்தையும் பாட்டு வாசிக்கும் ஆர்கனையும் வைத்து அனுப்பினார்கள். 1846 செப்டம்பரில் கனடாவின் வடக்கில் உள்ள கிங் வில்லியம் தீவுக்குப் பக்கத்தில் இரண்டும் பனியில் சிக்கின, அடுத்த கோடையிலும் பனி விடவில்லை. 1847 ஜூனில் ஃபிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில் மிச்சமிருந்த 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கே நடந்தார்கள். இவ்வளவும் அவர்களே எழுதி, கற்குவியலில் வைத்துவிட்டுப்போன ஒரு சீட்டில் இருக்கிறது.

டப்பா உணவிலிருந்த ஈயம்தான் கொன்றது என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். பிறகு வந்த எலும்பு ஆய்வுகள் அதை அவ்வளவாக ஏற்கவில்லை. என் கணக்கில், அந்தப் பனிப்பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களே சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து வேட்டையாடிப் பிழைக்கும் இடத்தில் நூறு பேர் ஒரே கூட்டமாக இறங்கினால் என்ன ஆகும்? அதிலும் அவர்கள் இழுத்துப்போன ஒரு படகு பின்னால் கிடைத்தபோது அதில் வெள்ளிக் கரண்டிகளும் வாசனை சோப்பும் சீப்பும் இருந்தன!

கேள்வி: கடைசியில் மனித மாமிசம் தின்றார்கள் என்பது கட்டுக்கதைதானே?

பதில்: இல்லை, நடந்ததுதான். 1854இல் ஜான் ரே என்ற மருத்துவர் இனுயிட் மக்களிடம் விசாரித்து, ஃபிராங்க்ளின் குழுவின் வெள்ளிப் பொருட்களையும் அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து இதைச் சொன்னார். லண்டன் கொதித்துப்போனது. ஃபிராங்க்ளினின் மனைவி ஜேனுக்கு ரே மீது கடும் கோபம், நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில் இனுயிட் சொல்வதை நம்ப முடியாது, அவர்களே கொன்றிருக்கலாம் என்கிற மாதிரி எழுதினார். ஏழைகளுக்காக அவ்வளவு உருகி எழுதிய மனிதர்! ரேவுக்கு அரசின் பரிசுப்பணம் கிடைத்தது, சர் பட்டம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. சரி, பிறகு என்ன ஆனது என்றால், 20ஆம் நூற்றாண்டில் கிடைத்த எலும்புகளில் கத்திக் கீறல்கள் இருந்தன. 2024இல் மரபணுச் சோதனையில் அடையாளம் தெரிந்த ஒரு தாடை எலும்பிலும் கீறல் இருந்தது, அது எரெபஸ் கப்பலின் கேப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது. பட்டினியில் பதவி எந்த வித்தியாசமும் செய்யவில்லை. அதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, டிக்கன்ஸ் மேல்தான் கோபம் வருகிறது.

கேள்வி: கப்பல்கள் கிடைத்தனவா?

பதில்: கிடைத்துவிட்டன, இரண்டுமே கடலடியில். எரெபஸ் 2014இல் கிடைத்தது, தெற்கே ஒரு கப்பல் மூழ்கியது என்று இனுயிட் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பகுதியிலேயே. டெரர் 2016இல் கிடைத்தது, அதற்கும் துப்புக் கொடுத்தவர் பக்கத்து ஊர் இனுயிட் ஒருவர்தான், பனிக்கு மேலே பாய்மரம் போன்ற ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருந்ததைப் பல வருடம் முன்பே பார்த்திருந்தார்.