இரண்டு இரவும் ஒன்பது நாளும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

பெரியபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் கடல் தொடர்கதையை முதல் அத்தியாயத்திலிருந்து விடாமல் படிக்கிறேன். தொடரோடு கொடுத்திருக்கும் வரைபடத்தை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அளந்தும் பார்த்துவிட்டேன். நான்கு இடங்களில் கணக்கு உதைக்கிறது.

4ஆம் அத்தியாயத்தில் சங்குத்துறையிலிருந்து வெண்மணல் தீவுக்கு இரண்டே இரவில் போய்ச் சேரும் தோணி, 11ஆம் அத்தியாயத்தில் திரும்பிவர ஒன்பது நாள் எடுக்கிறது. அதே கடல், அதே தூரம்தானே? கோரைத்திட்டை மீனவர்கள் வத்தை என்ற சிறு படகில் அரை நாளில் கடந்துவிடுகிறார்கள். வணிகரின் சரக்குத்தோணி திட்டுக்கு அந்தப் பக்கம் போக மூன்று வாரம் சுற்றுகிறது. பவளத்தீவுகளின் ஓரமாக 35 மைல் போக ஒரு நாள், 45 மைல் போக இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 17ஆம் அத்தியாயத்தில் கோபுரக் காவலாளி எதிரியின் பாயை "ஒரு பகல் தூரத்தில்" பார்க்கிறான். அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியுமா?

வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் அளவுகோல் போட்டுவிட்டால் இந்தச் சண்டையே வராது என்று நினைக்கிறேன்.

பெரியபட்டினத்து வாசகர்

-

அன்புள்ள தம்பி,

அளந்து பார்த்து எழுதியதற்கு நன்றி. நான்கில் ஒன்றில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இன்னொன்றில், நீங்கள் கேட்டதைவிடப் பெரிய பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். மற்ற இரண்டும் பிழையல்ல. ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன்.

சங்குத்துறைக்கு நேர்தெற்கே இரண்டு பாகை தள்ளி வெண்மணல். ஒரு பாகை 60 கடல்மைல், ஒரு கடல்மைல் 1.852 கி.மீ. ஆக 120 கடல்மைல். நாகப்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள வடக்கு-தெற்கு வித்தியாசமும் ஏறத்தாழ இவ்வளவுதான். தோணி புறப்படுவது தை மாதம். வாடை முதுகில் அடிக்கிறது. வாடைக்காலத்தில் நீரோட்டமும் தெற்கே இழுக்கும். பாம்பன் கால்வாயில் வடகடல் தண்ணீர் தென்கடலுக்கு ஓடுவதும், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அது அப்படியே திரும்புவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதையே கதைக் கடலுக்கும் எடுத்துக்கொண்டேன். தண்ணீரில் தோணியின் ஓட்டம் மணிக்கு 2.8 மைல். நீரோட்டம் அரை மைல் சேர்க்கிறது. மொத்தம் 3.3 மைல். 120ஐ இதால் வகுத்தால் 36 மணி. அந்தியில் பாய் விரித்தால் ஒரு இரவு, ஒரு பகல், மறுபடி ஓர் இரவு. விடியும்போது வெண்மணல் கண்ணில் படும்.

திரும்புவதும் அதே தை மாதத்தில்தான். இப்போது காற்று முகத்தில். பாய்மரத் தோணி எதுவும் காற்றுக்கு நேரெதிரே ஓடாது. நீளமான பருமலில், அதாவது பாய் கட்டும் கழியில், கட்டிய முக்கோணப் பாய், காற்றுக்கு 50 பாகை வரை ஒட்டிப் பிடிக்கும் என்று வையுங்கள். பக்கவாட்டில் தள்ளிப்போவதற்கு ஒரு 10 பாகை. ஆக 60. வலப்புறம் 60, பிறகு இடப்புறம் 60 என்று வளைந்து வளைந்துதான் வடக்கே ஏற முடியும். 60 பாகைக் கோணத்தில் இரண்டு மைல் ஓடினால் ஒரு மைல்தான் முன்னேற்றம். 120 என்பது 240 ஆகிவிட்டது.

இதோடு நிற்காது. காற்றை ஒட்டி ஓடும்போது வேகம் 2.5க்கு இறங்கும். முன்னேற்றம் அதில் பாதி, 1.25. இதிலிருந்துதான் நீரோட்டத்தின் அரை மைலைக் கழிக்க வேண்டும். பலர் 2.5இல் கழித்துவிட்டு 2 என்று வைத்துக்கொள்வார்கள். எதிர்க்காற்றுக் கணக்கு கெடுவது இந்த இடத்தில்தான். மிச்சம் 0.75. 120ஐ 0.75ஆல் வகுத்தால் 160 மணி, ஏழு நாளுக்கு எட்டு மணி குறைவு. போகும்போது அரை மைல் நீரோட்டம் கொடுத்தது கொஞ்சம். திரும்பும்போது அது பறிப்பது முன்னேற்றத்தில் ஐந்தில் இரண்டு பங்கு.

பாய் மாற்றுவதிலும் இழப்பு உண்டு. இந்தப் பாயை மறுபக்கம் கொண்டுபோக, பருமலைப் பாய்மரத்தைச் சுற்றித் திருப்ப வேண்டும். முகப்பைக் காற்றுக்குள் திருப்பினால் பாய் மரத்தில் ஒட்டிக்கொண்டு தோணி நின்றுவிடும். அதனால் பின்புறமாகச் சுற்றித்தான் மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் சில நூறு மீட்டர் பின்னால் போகும். தண்டல், அதாவது தோணியின் தலைவர், விவரமானவராக இருந்தால் குறைவான தடவை, நீண்ட ஓட்டமாக வைத்துக்கொள்வார். ஏழு போக மீதி இரண்டு நாள் எங்கே போனது என்பதைக் கடிதத்தின் கடைசியில் சொல்கிறேன். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. இதே பயணத்தை ஆனி, ஆடியில், கச்சான் அடிக்கும்போது வைத்திருந்தால் போக ஒன்பது, வர இரண்டு என்று தலைகீழாகியிருக்கும்.

கோரைத்திட்டுக்கு வருவோம். திட்டின் ஆழமான வாயிலிலேயே ஒரு பாகம் தண்ணீர்தான், 1.8 மீட்டர். மற்ற இடங்களில் முழங்காலளவு. வத்தைக்கு அரை மீட்டர் போதும். வணிகரின் தோணி முழுச் சரக்கோடு ஒன்றரைப் பாகம் அமிழும், 2.7 மீட்டர். ஆகவே சுற்றித்தான் போக வேண்டும். சேதுத் திட்டுகளால் கப்பல்கள் இலங்கையைச் சுற்றுவதும் இதே காரணத்தால்தான். சேதுசமுத்திரத் திட்டம் பேசப்பட்டபோது அதிகபட்சம் 424 கடல்மைலும் 30 மணி நேரமும் மிச்சமாகும் என்றார்கள். எந்திரக் கப்பலுக்கு 30 மணி. பாய்க்கப்பலுக்கு? கதையில் சுற்று 420 மைல். தீவைச் சுற்றுகிறவனுக்கு எந்தப் பருவத்திலும் ஒரு பாதி சாதகம், மறுபாதி எதிர்க்காற்று. சாதகமான 210 மைலுக்கு 3.3 வேகத்தில் 64 மணி. எதிரான 210 மைலுக்கு 0.75 வேகத்தில் 280 மணி. இரண்டும் சேர்ந்து பதினான்கு நாளுக்கு மேல். தண்ணீருக்கும் விறகுக்கும் துறைகளில் நிற்பதைச் சேர்த்தால் மூன்று வாரம் நியாயமான கணக்கு.

ஏற்றத்துக்குக் காத்திருந்து கடக்கலாமே என்று கேட்கலாம். பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கதைக் கடலிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வாயிலில் ஒரு முழம் தண்ணீர் ஏறலாம், அது போதாது.

ஆனால் சரக்கை இறக்கலாம். உங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் இதைக் கணக்குப் போட்டேன். தோணி 18 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். இரு முனையும் குறுகுவதால் நீர்மட்டத்தில் அதன் பரப்பு 63 சதுர மீட்டர் என்று கொள்ளலாம். ஒரு சென்டிமீட்டர் மேலே வர ஏறத்தாழ 650 கிலோ இறக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 65 டன். அடியில் உடம்பு ஒடுங்குவதால் 60 என்று வைப்போம். வத்தைக்கு 3 டன் வீதம் இருபது நடை. பத்து வத்தை பிடித்தால், கடக்க அரை நாள், திரும்ப அரை நாள் என்று இரண்டே நாளில் சரக்கு மறுகரை மணலில் இருக்கும். மூன்றாம் நாள் காலை ஏற்றத்தில் வெறுந்தோணி வாயிலைக் கடக்கும். நான்காம், ஐந்தாம் நாள் திரும்ப ஏற்றலாம். மூன்று வாரத்துக்குப் பதில் ஐந்து நாள்! கூலி போனாலும், பாக்கும் அரிசியும் ஏற்றிய வணிகர் எவரும் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

ஆக, என் வணிகர் ஏன் சுற்றினார் என்பதற்குத் தொடரில் விடை இல்லை. இது உண்மையான ஓட்டை. இப்படி ஒரு வாயில் இருந்தால் இரு கரையிலும் சுமை இறக்குகிறவர்களின் ஊர் வந்திருக்கும், வத்தைக்காரர்களுக்கு ஒரு தலைவர் இருந்திருப்பார், சுங்கம் கேட்பவரும் வந்திருப்பார். 14ஆம் அத்தியாயத்தில் கோரைத்திட்டு வெறும் மணலாகக் கிடக்கிறது. அங்கே இரண்டு ஊர்களை வைக்கப்போகிறேன். வணிகர் சுற்றுவதற்குக் காரணம் வத்தைக்காரர்களோடு அவருக்குள்ள பழைய கூலித் தகராறு என்று மாற்றினால் கதைக்கும் அது பொருந்தும்.

பவளத்தீவு விஷயம் சுருக்கமாக. உங்கள் ஊர்க் கடலிலேயே பாருங்கள், பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், சுற்றிலும் பார், அதாவது நீருக்கடியில் பவளப்பாறைத் திட்டு. பாருக்குப் பக்கத்தில் விளக்கில்லாமல் இரவில் தோணி ஓட்ட மாட்டார்கள், நங்கூரம் போட்டுவிடுவார்கள். பகல் வெளிச்சம் பதினோரு மணி நேரம் கிடைத்தால் 3.3 வேகத்தில் 36 மைல். 35 மைல் பயணம் அந்திக்குள் முடிந்துவிடும். 45 மைல் என்றால் மீதி ஒன்பது மைலுக்காக ஓர் இரவு நிற்க வேண்டும். கீழக்கரையிலிருந்து தூத்துக்குடி நேர்க்கோட்டில் 45 கடல்மைல்தான். இந்தக் கணக்குப்படி அதுவும் இரண்டு நாள் பயணமே. பாருள்ள கடலில் பயண நேரம் மைல் மைலாக நீளாது, இரவு இரவாகத்தான் நீளும்.

கோபுரக் காவலாளி: இங்கே தவறு என்னுடையது. கண் எட்டும் தூரத்துக்கு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். பார்க்கிறவனுக்கு ஒரு தடவை, பார்க்கப்படும் பொருளுக்கு ஒரு தடவை போட்டுக் கூட்ட வேண்டும். கோபுரம் 25 மீட்டர்: 17.9 கி.மீ. பாயின் உச்சி 12 மீட்டர்: 12.4 கி.மீ. மொத்தம் 30 கி.மீ., 16 கடல்மைல். காற்றில் ஒளி வளைவதால் இன்னும் சற்றுக் கூடும். பனிமூட்டம் இருந்தால் வெகுவாகக் குறையும். ஒரு பகல் தூரமோ, பன்னிரண்டு மணி ஓட்டம் என்று வைத்தால், 40 கடல்மைல், 74 கி.மீ. அதைப் பார்க்கக் காவலாளி ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். நம் ராமநாதபுரம் கரை மாதிரி மேடில்லாத கரையில் அதற்கு வழியே இல்லை. விடியலில் பாய் தெரிந்தால் ஐந்து மணி நேரத்தில், முற்பகலிலேயே எதிரி துறையில் இருப்பான். 17ஆம் அத்தியாயத்தில் ஊரைக் காலி செய்ய அவ்வளவு நேரம்தான். அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதுகிறேன். நேரம் குறைவதால் அது இன்னும் இறுக்கமாக வரும்.

கிலோமீட்டர் அளவுகோல் மட்டும் போட மாட்டேன். என் கதை மாந்தர்களிடம் அந்த அளவு இல்லை. சாமத்தை அளவாக வைக்கிறேன். ஒரு சாமம் மூன்று மணி. சாதகமான காற்றில் மணிக்கு 3.3 மைல் என்றால் சாமத்துக்குப் பத்துக் கடல்மைல். சங்குத்துறை முதல் வெண்மணல் வரை பன்னிரண்டு சாமம். அரபு மாலுமிகளும் 'ஜாம்' என்று மூன்று மணி ஓட்டத்தைத்தான் அளவாகக் கொண்டார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு வழிக்கும் இரண்டு எண்கள் எழுதுவேன், வாடைக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று. நீங்கள் ஸ்கேலை வைக்காமல் அந்த எண்களைப் பாருங்கள்.

வடக்கு-தெற்கு இடத்தை அறிய அவர்களிடம் ராப்பலகை இருக்கிறது. சிறு பலகை, நடுத்துளையில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துப் பலகையை முன்னே நீட்டி, கீழ்விளிம்பை அடிவானத்தோடு பொருத்தினால் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொட வேண்டும். எந்த முடிச்சில் தொடுகிறதோ அதுதான் நீங்கள் நிற்கும் துறையின் மட்டம். சங்குத்துறைக்கும் வெண்மணலுக்கும் உள்ள இரண்டு பாகை, நீட்டிய கையில் ஒரு விரல் அகலம். கிழக்கு-மேற்கை இதால் அறிய முடியாது. அதனால்தான் 8ஆம் அத்தியாயத்தில் தண்டல் வேறொரு தீவை நோக்கிக் குறுக்கே ஓடாமல், முதலில் அதன் மட்டத்துக்கு இறங்கிவிட்டுப் பிறகு நேர்கிழக்கே ஓடுகிறார். ஸ்கேலில் அது வீண்சுற்றாகத் தெரியும்.

கடைசியாக, அந்த இரண்டு நாள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர், ஒன்பது நாளுக்கு 432 லிட்டர். 11ஆம் அத்தியாயத்தில் நான் ஏற்றியிருப்பது நான்கு குடம். குடத்துக்கு 15 லிட்டர் வைத்தாலும் ஒரு நாளைக்குத்தான் வரும். நீங்கள் இதைக் கேட்கவில்லை. நானும் உங்கள் கடிதத்துக்குப் பிறகுதான் கவனித்தேன். மன்னார் வளைகுடாவில் நல்லதண்ணித்தீவு என்று ஒன்றும், உப்புத்தண்ணித்தீவு என்று இன்னொன்றும் இருக்கிறதே, அந்தப் பெயர்களே தண்டலுக்கு வழிகாட்டி. புறப்படும்போது பத்துக் குடம் ஏற்றி, மூன்றாம் நாள் மாலை அப்படியொரு தீவின் ஒதுக்கில் நங்கூரம் போடவைக்கிறேன். ஊற்றுத் தோண்டித் தண்ணீர் ஊற ஓர் இரவும் ஒரு பகலும், மீதி வழிக்கு ஆகும் அளவுக்குக் குடமும் பீப்பாயும் நிரப்ப இன்னும் அரை நாள், பாய் மாற்றியதில் இழந்தது மிச்சம். ஒன்பது சரியாக வரும்.