ரேக்கை மாற்றியும் ஸ்டியரிங் உதறல் நிற்கவில்லை, பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்குக் கல்லிடைக்குறிச்சி. தனியார் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். என்னுடைய டீசல் கார் 2012 மாடல். அம்மாவை மாதம் இரண்டு தடவை பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அந்த வண்டிதான். சில மாதங்களாக 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது, கூடவே 'ஹூம்' என்று ஓர் இரைச்சல். பாளையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங்கைத் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) போய்விட்டது என்று சொல்லி, அதை மாற்றி 24,000 ரூபாய் பில் போட்டார்கள். 20,000 கொடுத்து வண்டியை எடுத்துவந்தேன். பத்தமடை தாண்டுவதற்குள் அதே உதறல், அதே இரைச்சல். திரும்பப் போய்க் கேட்டால் 'பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள். கழற்றிய ரேக்கையும் தரவில்லை. அம்பாசமுத்திரத்தில் வேறொரு மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இடது முன் வீல் பேரிங் (சக்கரம் சீராகச் சுழல உதவும் பாகம்) போயிருக்கிறது என்கிறார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? பாக்கி 4,000 கட்டாவிட்டால் வண்டியைப் பிடித்துவைப்பார்களா?

பதில்: தம்பி, போகலாம். ஆனால் 'ரேக் மாற்றியும் உதறல் நிற்கவில்லை' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் ஜெயிக்க முடியாது. சேவையில் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மெக்கானிக் கவனமாகப் பார்த்தும் ஒரு தடவை தவறிப்போகலாம், அது குற்றமாகாது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே விலை கூடின பாகத்தைக் கழற்றினார் என்று நீங்கள் காட்ட வேண்டும். உங்கள் வழக்கே அந்த இடத்தில்தான் நிற்கிறது.

என்னிடம் வரும் வண்டி வழக்குகளில் இந்த இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உதறலும் இரைச்சலும் ஒரே நோயாக இருக்க வேண்டும் என்பதில்லை. 80, 90-ல் வந்து, வேகம் மாறினால் குறைகிற உதறலுக்கு முதலில் பார்க்க வேண்டியது வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது), பள்ளத்தில் விழுந்து வளைந்த ரிம், ஒருபக்கமாகத் தேய்ந்த டயர். பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். இரைச்சல் வேகத்தோடு ஏறி, கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் அடங்காமல் இருந்தால் அது இன்ஜின் சத்தம் இல்லை, சக்கரப் பக்கத்துச் சத்தம். வலது வளைவில் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங் மேல்தான் முதல் சந்தேகம் விழும். டயர் அலை அலையாகத் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி முனகும். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டுப் பார்த்தால் டயரா பேரிங்கா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ரேக் தேய்ந்தால் வழக்கமாக வருவது வேறு: ஸ்டியரிங்கில் ஆட்டம், மேடு பள்ளத்தில் 'டொக் டொக்', சில வண்டிகளில் ஆயில் கசிவு. வேகத்தோடு ஏறும் முனகலுக்கு யாரும் முதலில் ரேக்கில் கை வைப்பதில்லை.

இதில் எதையெல்லாம் அந்த ஒர்க்‌ஷாப் செய்து பார்த்தது? ஜாப் கார்டை, அதாவது வண்டியை விடும்போது புகாரையும் வேலையையும் எழுதும் சீட்டை, எடுத்துப் பாருங்கள். உங்கள் புகாராக அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மிக முக்கியம். 'ஸ்டியரிங் உதறல், இரைச்சல்' என்று இருந்தால், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். 'ரேக் மாற்றவும்' என்று மட்டும் இருந்து, அதற்குக் கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால், 'அவர் கேட்டதைத்தான் செய்தோம்' என்பார்கள். நீங்களே யாரோ சொன்னதைக் கேட்டு ரேக்கை மாற்றச் சொல்லியிருந்தால் அதை என்னிடம் மறைக்க வேண்டாம், அப்படியானால் வழக்கு பலவீனம்தான்.

'பழைய வண்டி' என்ற பதில் செல்லாது. வண்டியின் வயது அதை எடுத்துக்கொள்ளும்போதே அவர்களுக்குத் தெரியும். பழைய வண்டி என்று தெரிந்தேதான் வேலையை ஏற்றுக் காசும் வாங்கினார்கள்.

இப்போது பேரிங் விஷயம். ஆதாரம் அழிந்துவிடுமே என்று அதை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பேரிங் முற்றினால் சக்கரமே ஆட்டம் கண்டு விபத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றும்போது வரும் சத்தத்தையும், மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தெரியும் ஆட்டத்தையும் செல்போனில் வீடியோ எடுங்கள். அந்த போனை விற்கவோ வீடியோவை அழிக்கவோ வேண்டாம். அம்பாசமுத்திரம் மெக்கானிக்கிடம் தேதி, கிலோமீட்டர், என்ன சோதித்தார், என்ன கண்டார் என்று எழுதி வாங்குங்கள். முடிந்தால் வண்டிப் பழுதை மதிப்பிடுவதையே தொழிலாகச் செய்யும் சர்வேயர் ஒருவரிடமும் காட்டுங்கள், அவர் பேச்சுக்கு எடை கூடுதல். ஒர்க்‌ஷாப்புக்கும் 'இந்த நாளில் பேரிங்கைக் கழற்றுகிறோம், வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கழற்றிய பேரிங்கைப் பத்திரப்படுத்தி வையுங்கள். மாற்றியதும் உதறலும் இரைச்சலும் நின்றனவா என்பதையும் அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். இரைச்சல் நின்று உதறல் நிற்காமல் போகலாம். அப்படி நடந்தால் பேலன்சிங்கும் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள்.

அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்கு டெலிவரிச் சான்றோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். கழற்றிய ரேக்கைக் கேளுங்கள், ரேக் கெட்டிருந்தது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள், கொடுத்த 20,000-ஐத் திருப்பிக் கேளுங்கள். 15 நாள் அவகாசம் போதும். ரேக்கைத் தர மறுத்தாலும், பதிலே வராவிட்டாலும் அது உங்களுக்குச் சாதகம்.

பதில் சரியில்லை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடவும் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அது 69-ஆம் பிரிவு. சோதனை செய்யாமல் தீர்மானிக்க முடியாத பழுது என்று ஆணையம் நினைத்தால் பொருளைச் சோதனைக்கு அனுப்பலாம், அதற்கான செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். பேரிங்கைப் பத்திரப்படுத்தச் சொன்னது அதற்காகவும்தான். சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காமல் போய் உட்காருங்கள். இந்தத் தொகைக்கு அது நல்ல வழி என்பது என் கருத்து.

பாக்கி 4,000-க்கு வண்டியைப் பிடிக்க முடியாது. ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவு, வேலை செய்தவர் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த உரிமை பொருள் அவர் கையில் இருக்கும்வரைதான். உங்களிடம் சாவியைக் கொடுத்தபோதே அது போய்விட்டது. வழியில் மறித்து வண்டியை எடுத்தால் போலீசில் புகார் கொடுங்கள். ஆனால் அந்த 4,000-ஐ ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் 'பாக்கியை ஏமாற்றத்தான் வழக்கு' என்று பேசுவார்கள்.

பேரிங் மாறும்வரை அம்மாவை ஹைகிரவுண்டுக்கு பஸ்ஸிலோ வாடகை வண்டியிலோ கூட்டிப்போங்கள். அந்த டிக்கெட்டையும் ரசீதையும் எடுத்துவையுங்கள், நஷ்ட ஈட்டில் சேர்த்துக் கேட்கலாம்.