எந்தக் கேமரா, எந்த நேரம்? பிரசாரக் கூட்டச் செய்திகள் பற்றிக் கேள்வி பதில்

பல தேர்தல்களில் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் வேலை பார்த்த முன்னாள் செய்தி ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

சேலம் வாசகர்: சார், ஒரே சேனல்தான். ஒரு தலைவரின் கூட்டத்தில் தலைகளாகத் தெரிந்தன, எதிர்க்கட்சிக் கூட்டத்தில் காலி நாற்காலிகள். நம்பலாமா?

இரண்டுமே அங்கே எடுத்த படமாக இருக்கலாம். ஏழு மணிக் கூட்டம் என்றால், ஐந்தரைக்கு யாருடைய கூட்டத்திலும் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும். தலைவர் பேசி முடிப்பதற்குள் வேன் ஏறக் கிளம்பிவிடுகிறவர்களும் எல்லாக் கட்சியிலும் உண்டு. ஒருவருக்கு அந்த நேரத்துப் படம், இன்னொருவருக்கு அவர் மேடையேறிக் கையசைத்த நிமிடம் என்று போட்டால், ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒருவரைச் சின்னவராக்கிவிடலாம். கோணமும் அப்படித்தான். எதிரே தாழ்வாக நின்று நீள லென்ஸில் எடுத்தால் வரிசைகள் நெருக்கியடித்துத் தெரியும். ட்ரோனில் மேலிருந்து எடுத்தால் பின்பக்க வெற்றிடமும் தெரிந்துவிடும். இரண்டு கூட்டங்களையும் ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் காட்டினார்களா என்று பாருங்கள்.

கோவை வாசகி: பெரிய தலைவர் பேசினால் எல்லாச் சேனலிலும் அதே காட்சி வருகிறதே, ஏன்?

எனக்கு அதிகம் வருத்தம் தரும் விஷயம் இது. கட்சியே கேமராக் குழு, ஜிம்மி ஜிப் (கேமராவைத் தூக்கிச் சுழற்றும் நீண்ட கிரேன்), ட்ரோன் எல்லாம் ஏற்பாடு செய்து, சேனல்களுக்கு நேரலை ஃபீடை, அதாவது அப்படியே ஒளிபரப்பத் தயாரான காட்சியை, இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. சேனலுக்குச் செலவு மிச்சம். ஆனால் எதைக் காட்டுவது என்று முடிவு செய்கிறவர் கட்சியின் ஆள். கூட்டத்தில் யாராவது எழுந்து கேள்வி கேட்டால் அந்த ஃபீடில் வரவே வராது. 2014 மக்களவைத் தேர்தலில் பாஜக இதைப் பெரிய அளவில் செய்தது. அந்தத் தேர்தல் சமயத்தில் டெல்லியின் ஊடக ஆய்வு அமைப்பான சிஎம்எஸ் மீடியா லேப் ஐந்து தேசியச் சேனல்களின் முக்கிய நேரச் செய்திகளை அளந்து பார்த்தது. மோடிக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு நேரம், கெஜ்ரிவாலுக்குப் பத்து சதவீதம் போல, ராகுல் காந்திக்கு ஐந்து சதவீதம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் ஃபீட்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்சி கொடுத்த காட்சி என்றால் அதைத் திரையிலேயே போட வேண்டும். பார்க்கிறவரின் உரிமை அது.

மதுரை வாசகர்: தமிழ்நாட்டில் கட்சிக்கு ஒரு சேனல் இருக்கிறதே, அதுவே சரியாகிவிடாதா?

ஆகாது. ஜெயலலிதா இருந்தவரை ஜெயா டிவி அதிமுக பக்கம், 2007இல் வந்த கலைஞர் டிவி திமுக பக்கம், மக்கள் டிவி பாமக பக்கம் என்று ஊருக்கே தெரியும். அதனால் அவற்றைப் பார்க்கிறவர் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் பார்ப்பார். சேனல் நடத்த வசதியில்லாத சின்னக் கட்சியும் சுயேச்சையும் எங்கே போவார்கள்? அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்காவது 1998 முதல் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் தேர்தல் சமயத்தில் இலவச நேரம் ஒதுக்குகிறார்கள். சுயேச்சைக்கு அதுவும் இல்லை.

தஞ்சாவூர் வாசகர்: 'ஒரு லட்சம் பேர்' என்கிறார்களே, எப்படிச் சரிபார்ப்பது?

மைதானத்தின் பரப்பைப் பாருங்கள். 1960களில் பெர்க்லியில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பேராசிரியர் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமாக நின்றால் நாலரை. அப்படி நெருக்கி நின்றாலே லட்சம் பேருக்கு நாலரை லட்சம் சதுர அடி, அதாவது பத்து ஏக்கருக்கு மேல் வேண்டும். நாற்காலி போட்டால் இன்னும் அதிகம். உங்கள் ஊர் மைதானம் எத்தனை ஏக்கர்?

நெல்லை வாசகி: அரசுத் தொலைக்காட்சியே இப்படிச் செய்திருக்கிறதா?

செய்திருக்கிறது. 1977 பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் இந்திரா காந்தி அரசை எதிர்த்து நின்ற ஜெகஜீவன் ராமும் ஜெயப்பிரகாஷ் நாராயணனும் பேச இருந்த நாளில், ஜனங்களை வீட்டிலேயே நிறுத்த தூர்தர்ஷன் 'பாபி' என்ற பிரபல இந்திப் படத்தைப் போட்டது. கூட்டம் அப்படியும் வந்தது.

ஈரோடு வாசகர்: காசு வாங்கிப் போட்ட செய்தி என்று சந்தேகம் வந்தால்?

இரண்டு பத்திரிகைகளில் வரி மாறாமல் ஒரே புகழ்ச்சி வந்தால் இரண்டையும் எடுத்து வையுங்கள். மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஊடகக் கண்காணிப்புக் குழு இருக்கிறது, அங்கே உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். உறுதியானால் அந்தத் தொகை வேட்பாளரின் செலவுக் கணக்கில் ஏறும். இப்படிக் கணக்கில் காட்டாத செய்திக்காகத்தான் உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி எம்எல்ஏ உம்லேஷ் யாதவை 2011இல் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது.