தடை செய்த வாயு, பேலட்டுக்கு மட்டும் எப்படி?

கேள்வி: பூச்சி கொல்லும் மெத்தில் புரோமைடு வாயுவை உலகமே கைவிட்டுவிட்டது என்கிறார்கள். எங்கள் ஏற்றுமதிச் சரக்கின் மரப் பேலட்டுகளுக்கு (சரக்கு அடுக்கும் தட்டுகள்) இன்றும் அதை அடித்துத்தான் 'எம்பி' (மெத்தில் புரோமைடு) முத்திரை குத்துகிறார்கள். இது சட்டப்படி செல்லுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: செல்லும். ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு என்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகளுக்கு 2005, இந்தியா போன்ற நாடுகளுக்கு 2015 என்று கெடு வைத்தார்கள். ஆனால் ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சைக்கும் தாவரத் தொற்றுத் தடுப்புக்கும் விலக்கு உண்டு; அதற்கு உச்சவரம்பே கிடையாது. இது பெரிய ஓட்டை என்பதே எங்கள் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2010 மார்ச்சில் தன் எல்லைக்குள் அந்தப் பயன்பாட்டையும் நிறுத்திவிட்டது.

கேள்வி: 24 மணி நேரம் தார்ப்பாய் போட்டு மூடியும் சில சமயம் பூச்சி சாவதில்லையே, ஏன்?

பதில்: மணிக்கணக்கு மட்டும் போதாது. வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் என்றால் கன மீட்டருக்கு 48 கிராம் விட வேண்டும். 24 மணி முடியும்போதும் உள்ளே 24 கிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். 2, 4, 24 ஆம் மணிகளில் அளந்து எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். தார்ப்பாய் ஓரத்தில் மணல் பைகளை இடைவெளியில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைக்காவிட்டால் வாயு கசிந்து அளவு சரிந்துவிடும். இது காற்றைவிட மூன்று மடங்கு கனம். தொடக்கத்தில் மின்விசிறி ஓடாவிட்டால் அடியிலேயே தங்கி, மேலடுக்குப் பூச்சி பிழைத்துக்கொள்ளும். பட்டை உரிக்காத மரம், பிளாஸ்டிக் சுற்றிய சரக்கு, 20 செ.மீ.க்கு மேல் தடித்த கட்டை ஆகியவற்றிலும் வாயு சரியாக இறங்காது.

வேலையாட்களுக்கு ஒன்று: ரப்பர் கையுறை, மோதிரம் அணியவே கூடாது. வாயு அவற்றுக்கடியில் சிக்கித் தோலைக் கொப்பளிக்க வைக்கும். இதற்கு மணமும் கிடையாது. மூக்கை நம்பாமல் கருவியால் அளந்த பிறகே தார்ப்பாய்க்குக் கிட்டே போக வேண்டும்.

கேள்வி: மாற்று என்ன?

பதில்: சூடேற்றிய, 'எச்டி' (ஹீட் ட்ரீட்மென்ட்) முத்திரை உள்ள பேலட். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் நிற்க வேண்டும். வெப்பமானியை மிகத் தடித்த கட்டையின் நடுவில் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். அறையின் சூட்டை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு முறை செய்தால் மறுபடி சிகிச்சை தேவையில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பலகை மாற்றினால் மட்டும் பழைய முத்திரையை அழித்துவிட்டு, முழுதாகச் சூடேற்றிப் புதிது குத்த வேண்டும்.