ஃப்ரீரன் முதல் லுக் பேக் வரை: அண்மையில் பார்த்த அனிமேக்கள் பற்றிக் கேள்வி பதில்

அண்மையில் பார்த்த அனிமேக்களைப் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், படங்கள்) பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்தன. பதில்கள் எல்லாம் என் சொந்த ரசனையிலிருந்து வருபவை. பெரிய திருப்பங்களை உடைக்காமல்தான் எழுதியிருக்கிறேன், பயப்படாமல் படிக்கலாம்.

கேள்வி: அண்ணா, ஃப்ரீரன் ஒரு எபிசோட் பார்த்தேன். சண்டையே இல்லை. இதை ஏன் எல்லோரும் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

பதில்: சண்டை கதை தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது, தம்பி. அசுர அரசனை வீழ்த்திவிட்டு நான்கு பேர் ஊர் திரும்புகிறார்கள். வழக்கமான கதை அங்கே முடியும், இது அங்கே தொடங்குகிறது. அவர்களில் ஒருத்தியான ஃப்ரீரன், ஆயிரம் வருடங்களுக்கு மேல் வாழ்ந்த எல்ஃப், அதாவது நீண்ட ஆயுள் கொண்ட கற்பனை இனத்தவள். நண்பர்களோடு போன பத்து வருடப் பயணம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. எரிகல் மழையைப் பார்க்கும்போது, அடுத்த முறை இன்னும் நன்றாகத் தெரியும் இடத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறாள். அடுத்த முறை என்பது ஐம்பது வருடம் கழித்து! சொன்னபடி வருகிறாள். அந்த நால்வரில் ஒருவனான, மனிதனான ஹிம்மெல் கிழவனாகியிருக்கிறான். கொஞ்ச நாளில் இறந்தும் போகிறான். மனிதர்களுக்கு ஆயுள் குறைவு என்று தெரிந்தும் இவனை ஏன் தெரிந்துகொள்ளாமல் விட்டேன் என்று அடக்கத்தில் நின்று அழுகிறாள்.

முதல் சீசனின் மீதி 27 எபிசோடும் அந்த அழுகையிலிருந்து பிறப்பவை. பழைய பாதையில் மறுபடியும் நடக்கிறாள். ஊருக்கு ஊர் ஹிம்மெலின் சிலை நிற்கிறது. முதலில் அது அவனுடைய தற்பெருமை என்றுதான் தோன்றும். ஏன் இத்தனை சிலை வைக்கச் சொன்னான் என்று தெரியவரும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். மோதிரம் வரும் 14-ஆவது எபிசோடு வரைக்குமாவது பாருங்கள். ஜப்பானில் முதல் நான்கு எபிசோடுகளையும் சேர்த்து ஒரே இரவில், இரண்டு மணி நேரப் படம்போல ஒளிபரப்பினார்கள். நீங்களும் அப்படியே பார்ப்பது நல்லது.

கேள்வி: ஃப்ரீரனில் மந்திரவாதிகளின் தேர்வு வரும் பகுதி இழுவையாக இல்லையா?

பதில்: கொஞ்சம் இழுவைதான். புதுப் பாத்திரங்கள் ஒரே நேரத்தில் குவிகிறார்கள், பயணத்தின் நிதானம் கெடுகிறது. ஆனால் 26-ஆவது எபிசோடின் சண்டைக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். தொடரை உருவாக்கிய மேட்ஹவுஸ் ஸ்டுடியோ முழு பலத்தையும் அங்கே காட்டியிருக்கிறது.

கேள்வி: வின்லாண்ட் சாகா முதல் சீசன் எனக்கு உயிர். இரண்டாவதில் விவசாயம் செய்துகொண்டிருக்கிறார்களே, எப்போது சூடு பிடிக்கும்?

பதில்: எனக்கு இரண்டாவது சீசன்தான் ஒரு படி மேல். காரணத்தைச் சொல்கிறேன். முதல் சீசனில் நாயகன் தோர்ஃபினுக்கு ஒரே ஒரு வேலை, அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்குவது. அந்த ஒன்றும் கையை விட்டுப் போனபின் அவனிடம் என்ன மிச்சம்? எதுவும் இல்லை. டென்மார்க்கில் ஒரு பண்ணையில் அடிமையாகக் கிடக்கிறான், கண்ணில் உயிரே இல்லை. பக்கத்தில் இன்னோர் அடிமை, ஐனார். போரில் குடும்பத்தை இழந்த உழவன். இருவரும் மரம் வெட்டி, வேர் பிடுங்கி, காட்டை வயலாக்குகிறார்கள். தான் விதைத்த கோதுமை முளைப்பதைத் தோர்ஃபின் பார்க்கும் முகத்தைப் பாருங்கள். அதுவரை அழிக்க மட்டுமே தெரிந்த கை அது.

இரவில் கனவில் அவன் கொன்றவர்கள் எல்லாரும் வருகிறார்கள். போர்க் கதைகளில் செத்து விழும் பெயரில்லாத ஆட்களை நாம் எண்ணுவதே கிடையாது. இந்தக் கதை அவர்களைத் திரும்பக் கூட்டி வந்து அவன் முன்னால் நிறுத்துகிறது. அப்புறம்தான் 'எனக்கு எதிரிகள் யாரும் இல்லை' என்று சொல்லும் இடத்துக்கு அவன் வந்து சேர்கிறான். 24 எபிசோடும் பொறுமையாகப் பார்த்தால்தான் அந்த ஒரு வரிக்குக் கனம் வரும். தயாரிப்பு விட் ஸ்டுடியோவிடமிருந்து மாப்பா ஸ்டுடியோவுக்குக் கை மாறியும் தரம் குறையாததற்கு, இயக்குநர் ஷூஹேய் யபுதா அப்படியே தொடர்ந்தது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: பூமியின் இயக்கத்தைப் பற்றிய 'ஓர்ப்' பார்த்தேன். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று சொன்னதற்காகவே 15-ஆம் நூற்றாண்டில் ஆட்களை இப்படிச் சித்திரவதை செய்தார்களா?

பதில்: இல்லை, அது கற்பனை. நாட்டின் பெயரைக்கூட 'பி ராஜ்ஜியம்' என்றுதான் வைத்திருக்கிறார்கள். இந்தக் கருத்தைச் சொன்ன கோப்பர்நிக்கஸின் புத்தகம் 1543-இல் வெளிவந்தது. கத்தோலிக்கச் சபை அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது 1616-இல். கலிலியோவின் விசாரணை 1633. ஆக, கதை நடக்கும் காலத்தில் இந்தக் கருத்துக்காகவே வேட்டையாடும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் கதையாக எனக்கு மிகவும் பிடித்தது. ரஃபால் என்ற 12 வயது மேதைப் பையனை நாயகன் என்று நம்பி உட்காருகிறோம். கதை அவனோடு நிற்பதில்லை. ஆராய்ச்சி கைமாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. தொடங்கியவன் யாரென்று கடைசியில் சுமப்பவருக்குத் தெரியாது. நாயகனை விட்டுவிட்டு அவன் விட்டுச்சென்றதைப் பின்தொடர்வது பெரிய துணிச்சல். இந்தக் கருத்துக்காரர்களை வேட்டையாடும் நோவாக், வீட்டில் மகள்மேல் உயிரையே வைத்திருக்கும் சாதாரண அப்பா. அதுதான் கூடுதல் பயம். முதல் காட்சியே கொடூரமானது, இளகிய மனதுக்காரர்கள் யோசித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: சோலோ லெவலிங் தமிழ் டப்பிங்கில் பார்த்து ரசித்தேன். உங்களுக்குப் பிடித்தவற்றில் அது ஏன் இல்லை?

பதில்: முதல் இரண்டு எபிசோடும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோயிலுக்குள் மாட்டிக்கொண்டு, பலமே இல்லாத நாயகன் விதிகளைப் புரிந்துகொண்டு உயிர் பிழைக்கப் பார்க்கிறான். அங்கே நிஜமான பதற்றம் இருந்தது. அவன் பலசாலியாக ஆக ஆக, ஜெயிப்பானா என்ற கேள்வி காணாமல் போகிறது. ஹிரோயுகி சவானோவின் இசை இல்லாவிட்டால் பல சண்டைகள் எனக்கு மறந்தே போயிருக்கும். உங்கள் ரசனை வேறாக இருக்கலாம், அதில் தப்பே இல்லை.

கேள்வி: டீமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காஸில் தமிழிலேயே தியேட்டரில் பார்த்தோம். நடுவில் வில்லன் அக்காசாவின் பழைய கதை வந்து சண்டையைக் கெடுத்துவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள்?

பதில்: எனக்கு அந்தப் பகுதிதான் படம். 155 நிமிடத்தில் யூஃபோடேபிள் ஸ்டுடியோ காட்டும் கோட்டையும் வாள்வீச்சும் கண்ணைப் பறிக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அக்காசா ஏன் பலத்தின்மேல் இவ்வளவு வெறியோடு இருக்கிறான் என்பது தெரிந்தபின் அவன் போட்ட ஒவ்வொரு குத்தும் வேறாகத் தெரிகிறது. நண்பர்கள் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சண்டைக்குச் சண்டை பழைய நினைவுகளுக்குப் போய்வருவது ஒரே படத்துக்கு அதிகம்தான்.

கேள்வி: டப்பிங்கா, சப்டைட்டிலா?

பதில்: முதன்முதலாகப் பார்ப்பவருக்குத் தமிழ் டப்பிங் இருந்தால் தாராளமாக அதிலேயே தொடங்கலாம். பழகியபின் ஜப்பானியக் குரல்களையும் கேளுங்கள். ஃப்ரீரனின் ஏற்ற இறக்கமில்லாத குரலும், ஸ்பை ஃபேமிலியின் குட்டிப்பெண் ஆன்யாவின் மழலையும் ஒரே ஆளுடையவை! அட்சுமி தனெசாகி. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. என்ன காட்டலாம் சார்? அவளோ மருந்துக்காரி மாவோமாவோ கதையைக் கேட்கிறாள்.

பதில்: 'அப்போத்தகரி டைரிஸ்' அருமையான தொடர். முகப்பூச்சில் இருக்கும் ஈயம் எப்படி உயிரை எடுக்கிறது என்பதை முதல் எபிசோடிலேயே மாவோமாவோ கண்டுபிடிப்பாள். ஆனால் அந்தப்புரமும் விலைமாதர் விடுதியும்தான் கதைக்களம், இன்னும் சில வருடம் போகட்டும். இப்போதைக்கு ஸ்பை ஃபேமிலியை நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள், துப்பாக்கிச் சண்டை கொஞ்சம் உண்டு. அதுவும் வேண்டாம் என்றால், 1988-இல் வந்த டோட்டோரோ படம் இருக்கிறது. கைகால் வளர்ந்த நமக்கும் அது போதும்.

கேள்வி: அக்கா வீட்டில் எனக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் நேரம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

பதில்: லுக் பேக். மொத்தம் 58 நிமிடம்தான். மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) வரையும் இரண்டு சிறுமிகள், ஃபுஜினோவும் கியோமோட்டோவும். நன்றாக வரைகிறாய் என்று போட்டிக்காரியே பாராட்டியதும், வெளியே எதையும் காட்டிக்கொள்ளாமல் கிளம்பும் ஃபுஜினோ மழையில் குதித்துக் குதித்து வீட்டுக்குப் போவாள். வசனமே இல்லை. அந்த ஓட்டத்தில் அவள் வாழ்க்கை தீர்மானமாகிவிடுகிறது. இயக்குநர் கியோதகா ஒஷியாமா பென்சில் கோடுகளின் சொரசொரப்பைத் துடைத்தெடுக்காமல் விட்டிருக்கிறார், வரைபவர்களின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான தோற்றம் கிடையாது. பின்பாதி கனமானது. அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.