மலை ஏறினால் மரபணு மாறுமா? கேள்வி பதில்

கவிதா: சார், லடாக்கில் இருக்கும் லே நகருக்குப் போய் இறங்கியதுமே தலைவலியில் படுத்துவிட்டேன். திபெத்தியர்கள் அதைவிட உயரத்தில்கூட எப்படி வாழ்கிறார்கள்? அவர்களுக்கு ரத்தம் அதிகமோ?

பதில்: இல்லை. 4000 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான், அதை ஈடுகட்ட நம் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொண்டே போகும், அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகி இதயம் திணறும். திபெத்தியர்களிடம் இருக்கும் இபிஏஎஸ்1 மரபணுவின் தனி வடிவம் அந்த வேகத்துக்குக் கடிவாளம் போடுகிறது. 2010இல் ஆராய்ந்தபோது அது அவர்களிடம் 80 சதவீதத்துக்கும் மேல், சீனாவின் பெரும்பான்மையினரான ஹான் மக்களிடம் 10 சதவீதத்துக்கும் கீழ். இரண்டுமே மரபில் நெருங்கிய மக்கள் என்பதால்தான் இந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது.

முருகேசன்: அப்படியானால் நான் லேயில் குடியேறினால் என் பேரன் பேத்திகளுக்கும் அது வந்துவிடுமா?

பதில்: வராது. உங்கள் உடம்பு பழகிக்கொள்வது உங்களோடு சரி, கீழே இறங்கினால் சில வாரங்களில் அதுவும் போய்விடும். மலை யாருக்கும் மரபணுவைச் செய்து கொடுப்பதில்லை. ஏற்கெனவே சிலரிடம் இருந்த வடிவம், அவர்களுடைய பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்ததால் பரவுகிறது. உயரத்தில் கர்ப்ப காலம்தான் கடும் சோதனை, குழந்தைகள் எடை குறைந்து பிறக்கும். திபெத்தியர்களுக்கு அந்த மரபணு வடிவம் டெனிசோவன் என்கிற அழிந்துபோன மனித இனத்தோடு ஏற்பட்ட கலப்பில் கிடைத்தது என்று 2014இல் தெரியவந்தது. சைபீரியக் குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பின் டிஎன்ஏதான் அதற்குத் துப்பு!

ஃபாத்திமா: தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்களுக்கும் இதே மரபணு வடிவம்தானா?

பதில்: இல்லை. அங்கே சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அதிகமாகவே இருக்கும், அதனால் ரத்தம் கெட்டியாகும் நாள்பட்ட மலைநோயும் கூடுதல். பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920களிலேயே அதை விவரித்துவிட்டார். கைவசம் இருக்கிற சரக்கை வைத்துத்தான் இயற்கைத் தேர்வு வேலை பார்க்கும், அது எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்காது.

ரமேஷ்: அண்ணா, எனக்கு நீலகிரி. அரிவாள் செல் மரபணு ஒரு பிரதி இருப்பதாகப் பரிசோதனையில் சொன்னார்கள். கெட்ட மரபணு என்றால் இயற்கை ஏன் விட்டுவைத்தது?

பதில்: தம்பி, ஒரு பிரதி மட்டும் இருந்தால் ஃபால்சிபாரம் என்கிற கடுமையான வகை மலேரியா முற்றிச் சாவது வெகுவாகக் குறையும். ஆப்பிரிக்காவில் ஆலிசன் என்கிற ஆய்வாளர் 1954இல் காட்டியது இதுதான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி சேர்ந்தால்தான், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் அந்த நோய். மலேரியா மண்டிய இடங்களில் லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தியதால் அது அழியவில்லை. இந்தியாவில் முதலில் இது தெரியவந்ததே உங்கள் மலைப் பழங்குடிகளிடம்தான், 1952இல். ஒரு பிரதிக்காரர்கள் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள், பயப்படாதே. ஆனால் கல்யாணம் பேசும்போது பெண்ணையும் பரிசோதிக்கச் சொல், அவருக்கும் ஒரு பிரதி இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு.