கிணற்றில் செம்படலம்: கன உலோகமா, வெறும் இரும்பா?

கனகராயன்குளம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “ஐயா, எங்கட காணி கனகராயன் ஆற்றோரம். கிணறு ஆற்றிலயிருந்து நாற்பது அடிதான். கோடையில ஆறு வத்தி மடு மடுவா நிக்கேக்க, கரையில செந்நிறச் சேறும் மேல எண்ணெய் மாதிரிப் படலமும் தெரியுது. கிணத்துக்குள்ளயும் அப்பிடித்தான். கன உலோகம் கலந்திட்டுது எண்டு ஊரில கதை. மாமி, கொதிக்க வைச்சாப் போதும் எண்டுறா. வடிகட்டி விக்க வந்த பொடியன் ஒரு மீற்றரைத் தண்ணிக்குள்ள விட்டு 480 எண்டு காட்டிப் பயப்படுத்திப்போட்டான். வீட்டில ரெண்டு சின்னப் பிள்ளையள். என்ன செய்யிறது?”

முதலில் அந்தப் படலத்தை ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடிபோலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே மிதந்தால், அது இரும்புச் சத்தில் வாழும் பற்றீரியாக்கள் போடும் தோல். குச்சியை எடுத்ததும் மறுபடி ஒன்றாய்ச் சேர்ந்தால் டீசலோ எஞ்சின் ஒயிலோ கலந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை உடனே நிறுத்துங்கள். நீங்கள் சொல்லும் செந்நிறச் சேற்றைப் பார்த்தால் எனக்கு முதலாவதுதான் என்று படுகிறது. நிலத்தடியில் காற்றுப்படாத நீரில் இரும்பு கரைந்திருக்கும். ஊற்றாக வெளியே வந்து காற்றுப்பட்டதும் துருவாகப் படியும். அந்தத் தண்ணீரில் போட்ட தேநீர் கறுக்கும், வெள்ளைச் சீருடை மஞ்சளாகும். தொல்லைதான், ஆனால் அந்த இரும்பு பிள்ளைகளுக்கு நஞ்சல்ல.

அதற்காக நிம்மதியாக இருந்துவிடச் சொல்லவில்லை. மண்ணில் துருவோடு ஒட்டிக் கிடக்கும் ஆர்சனிக், அந்தத் துரு கரையும்போது சேர்ந்து வெளியேறலாம். கன உலோகம் என்று சொல்லப்படும் ஈயம், கட்மியம், ஆர்சனிக் மூன்றுக்கும் குடிநீரில் நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண்ணுக்குத் தெரிவதைக் கண்டு பயந்து, தெரியாததைச் சோதிக்காமல் விடுவதுதான் எனக்குள்ள கவலை.

மாமி சொல்வது கிருமிக்குச் சரி. வயிற்றோட்டத்தைத் தடுக்க அதைவிட நல்ல வழியில்லை, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் உலோகம் ஆவியாகாது. நீர் வற்ற வற்ற, மிஞ்சும் நீரில் அதன் செறிவு கூடும். புளோரைட்டும் நைத்திரேற்றும் அப்படித்தான். தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளிய வைப்பதை நான் மதிக்கிறேன்: கலங்கலோடு ஒட்டியிருக்கும் உலோகம் வண்டலோடு அடியில் இறங்கும். நீரில் கரைந்திருப்பதை அது பிடிக்காது. சாதாரண மெழுகுதிரி வடிவப் பீங்கான் வடிகட்டியும் அப்படித்தான்.

அந்தப் பொடியனின் மீற்றர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும். லீற்றருக்கு 600 மில்லிகிராமுக்குக் குறைந்தால் குடிக்க நல்ல சுவை என்றே உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. ஈயத்துக்கு அதே நிறுவனம் சொல்லும் அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். 480 என்பது 480.01 ஆனால் மீற்றருக்குத் தெரியவே தெரியாது. அதை நம்பிக் காசு கொடுக்கவும் வேண்டாம், 100 என்று காட்டினால் ஆறுதல் அடையவும் வேண்டாம்.

ஆகவே ஆய்வுகூடப் பரிசோதனைதான் வழி. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அல்லது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அலுவலகத்தில், கன உலோகம் எங்கே பார்க்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். போத்தலை ஆய்வுகூடத்திலேயே வாங்குங்கள். சோடாப் போத்தல், கிருமிநாசினிக் கான் எதுவும் கூடாது. உலோகம் போத்தல் சுவரில் ஒட்டாமலிருக்க உள்ளே கொஞ்சம் அமிலம் விட்டுத் தருவார்கள். அதைக் கழுவிவிடாதீர்கள், கையிலும் படவிடாதீர்கள். கிணற்று நீரை நன்றாக இறைத்துவிட்டு எடுங்கள். ஒருமுறை கோடைக் கடைசியில், ஆறு மடுவாய்ச் சுண்டியிருக்கும்போது. இன்னொருமுறை ஐப்பசி முதல் மழை வயலையும் வீதியையும் கழுவி ஆற்றுக்கு இறக்கிய பிறகு. வருசம் முழுக்க ஓடும் ஆறென்றால் ஒன்று போதும் என்பேன். வன்னி ஆறுகளுக்கு இரண்டும் வேண்டும். ஈயம், கட்மியம், ஆர்சனிக்கோடு புளோரைட், நைத்திரேற்று, வன்தன்மை மூன்றையும் கேளுங்கள். வவுனியாப் பக்கக் கிணறுகளில், பல்லில் கறை விழுத்தும் புளோரைட்தான் அடிக்கடி வரும் சிக்கல்.

அறிக்கை வந்ததும் அலகைப் பாருங்கள். 0.01 மில்லிகிராமும் 10 மைக்ரோகிராமும் ஒன்றே. இதில் குழம்பித் தூக்கமிழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு லீற்றருக்கு ஈயமும் ஆர்சனிக்கும் 10 மைக்ரோகிராம், கட்மியம் 3 மைக்ரோகிராம், புளோரைட் 1.5 மில்லிகிராம் என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவுகள். “கண்டறியப்படவில்லை” என்று எழுதியிருந்தால், கருவி எவ்வளவு குறைந்த அளவுவரை காணும் என்று கட்டாயம் கேளுங்கள். 50 மைக்ரோகிராமுக்குக் கீழே காணாத கருவி கட்மியம் இல்லை என்று சொல்வதில் பொருளில்லை.

அளவு கூடியிருந்தால் ஆர்.ஓ. முறையில், அதாவது நுண்ணிய சவ்வுக்குள்ளால் அழுத்திச் சுத்திகரித்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுங்கள். குளிக்க, துவைக்கக் கிணற்று நீர் போதும். வீட்டில் ஆர்.ஓ. பூட்டினால் சவ்வை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பயனில்லை. முடிவு வரும்வரை பிள்ளைகளுக்கு மட்டுமாவது குழாய் நீரோ பவுசர் நீரோ பிடித்துவையுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடுகளில் இது இன்னும் அவசியம். நைத்திரேற்றுக் கூடிய நீர் அந்த வயதில் குருதியின் ஒட்சிசனைக் குறைத்துவிடும்.

வயதானவர்களின் சிறுநீரகம் பற்றியும் உங்களுக்குப் பயம் இருக்கும். வவுனியா உட்பட உலர் வலயத்தில் பரவியுள்ள சிறுநீரக நோய்க்கு ஒரே காரணம் இதுதான் என்று இன்னும் உறுதியாகவில்லை. தண்ணீர் அறிக்கைக்காகக் காத்திராமல், மாமியை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தக் கிரியற்றினினும் சிறுநீர் அல்புமினும் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, கிணற்றடியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உழவு இயந்திரத்தின் பழைய பற்றரி அங்கே கிடந்தால் இன்றே அகற்றுங்கள். அதற்குள் கிலோக் கணக்கில் ஈயம் இருக்கிறது. கிருமிநாசினி தெளித்த தாங்கியை ஆற்றிலோ கிணற்றடியிலோ கழுவ விடாதீர்கள். மடுவிலோ கிணற்றிலோ போர்க்காலத்து இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் தொடவே வேண்டாம், கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.